மனமா, கணக்கா? பேராக் தோட்டப்புறமும் நேரடி விற்பனையின் ஊக்க உரையும்

நேரடி விற்பனையில் ஒருவர் முன்னுக்கு வருவதும் முடங்கிப்போவதும் அவருடைய மனத்தைப் பொறுத்ததா? மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஈப்போவிலும், சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர், தெலுக் இந்தான் என்று தோட்டங்களை ஒட்டி வளர்ந்த பட்டணங்களிலும் இந்தக் கேள்விக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு வயது. ஆம்வே 1976-இல் மலேசியாவுக்கு வந்தது. மலேசிய நேரடி விற்பனைச் சங்கம் 1978-இல் அமைந்தது. உள்நாட்டு நிறுவனமான கோஸ்வே 1979-இல் தொடங்கியது. ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கு மாறியும், துண்டாடப்பட்டும், வீடமைப்பு நிலமாக விற்கப்பட்டும் ஆட்களை வெளியே அனுப்பிக்கொண்டிருந்த காலமும் ஏறத்தாழ அதுதான். 1980-க்கும் 2000-க்கும் இடையில் சுமார் 3 லட்சம் இந்தியத் தோட்டத் தொழிலாளர்கள் இடம்பெயர்ந்தனர் என்ற மதிப்பீடு பரவலாக எடுத்தாளப்படுகிறது. பள்ளிப் படிப்பும் முதலும் குறைவாக இருந்த இந்தக் குடும்பங்களிடம், சான்றிதழ் கேட்காமல், கடை வாடகை இல்லாமல், ‘நீயே முதலாளி’ என்று அழைத்த தொழில்கள் அதிகமில்லை. எம்.எல்.எம். என்ற பல அடுக்கு நேரடி விற்பனை அப்படி அழைத்தது. அழைத்த கையோடு ஒரு நிபந்தனையும் வைத்தது: முதலில் மனத்தை மாற்று.

அந்த நிபந்தனை நியாயமானதா என்பதற்கு வந்த பதில்கள் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. பல சமயம் அவை ஒரே கேள்விக்கான பதில்களாகவும் இல்லை. குழப்பத்தில் பெரும்பகுதி அங்கேதான் பிறக்கிறது.

எண்ணம் என்னும் முதலீடு

நேரடி விற்பனைக் கூட்டங்களில் ஒலிக்கும் ஊக்க உரைக்கு நீண்ட வம்சாவளி உண்டு. எண்ணமே வாழ்வை உருவாக்குகிறது என்ற கருத்து 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் ஒரு சமய இயக்கமாகவே பரவியது. டேல் கார்னகியின் 1936 நூலும் நெப்போலியன் ஹில்லின் 1937 நூலும் அதை வணிகத்துக்குள் கொண்டுவந்தன. நார்மன் வின்சென்ட் பீல் என்ற பாதிரியார் 1952-இல் அதை மீண்டும் வீடுதோறும் சேர்த்தார். ரிச் டிவோஸும் ஜே வான் ஆண்டலும் மிச்சிகனில் ஆம்வேயைத் தொடங்கிய 1959-இல் இந்த மொழி தயாராக இருந்தது. ஈப்போவில் தமிழில் பேசப்பட்டபோது அது அந்நியமாகவும் தோன்றவில்லை. அப்துற் றஹீமின் முன்னேற்ற நூல்களும் எம். எஸ். உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’ நூலும் தமிழ் வாசகரை முன்பே பழக்கியிருந்தன. பிறகு ராபர்ட் கியோசாகியின் 1997 நூல் வந்தது. சம்பளக்காரன் ஒரு வகை, சொத்துள்ளவன் இன்னொரு வகை என்ற அவருடைய வகைப்பாடு டவுன்லைன் (ஒருவருக்குக் கீழே சேர்ந்தவர்கள்) கூட்டங்களின் கரும்பலகையில் இடம்பிடித்தது.

இந்தத் தொழிலுக்கு மட்டும் ஏன் இவ்வளவு ஊக்கம் தேவைப்படுகிறது? சமூகவியலாளர் நிக்கோல் பிகார்ட் 1989-இல் வெளியிட்ட ஆய்வு கவனிக்கத்தக்க விளக்கம் ஒன்றைத் தருகிறது. விற்பவர் நிறுவனத்தின் ஊழியர் அல்ல. அவருக்குச் சம்பளம் இல்லை, மேலதிகாரி இல்லை, வேலைக்கு வராவிட்டால் கேட்க ஆளும் இல்லை. அலுவலகத்தில் விதிகளும் சம்பளமும் செய்யும் வேலையை இங்கே நம்பிக்கையும் குடும்ப உணர்வும் மேடைக் கைதட்டலும் செய்ய வேண்டியிருக்கிறது. அப்படிப் பார்த்தால் ஊக்க உரை அந்தத் தொழிலின் நிர்வாக முறையே. அதை வெறும் ஏமாற்று என்று ஒதுக்குவோர் இதைத் தவறவிடுகிறார்கள்.

இந்தத் தரப்பில் இரண்டு குரல்கள் உண்டு. பத்துக் கதவில் ஒன்பது மூடும், மூடிய கதவை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் அடுத்த கதவைத் தட்டு என்பது மென்மையான குரல். அனுபவமுள்ள எந்த விற்பனையாளரும் இதை மறுக்கமாட்டார். வென்றவன் நம்பியதால் வென்றான், தோற்றவன் நம்பிக்கை போதாமல் தோற்றான் என்பது கடுமையான குரல். இதைச் சோதித்துப் பார்க்க வழியே இல்லை. எந்த முடிவு வந்தாலும் கோட்பாடு சரியாகவே நின்றுவிடுகிறது. தோற்றவர் கேள்வி கேட்டால், கேட்டதே அவருடைய மனக்குறைக்குச் சான்றாகிவிடுகிறது.

உளவியல் எவ்வளவு தூரம் துணை வரும்?

மென்மையான குரலுக்கு ஆய்வுச் சான்று இருக்கிறது, அதுவும் வலுவாகவே. மார்ட்டின் செலிக்மனும் பீட்டர் ஷுல்மனும் 1986-இல் வெளியிட்ட ஆய்வு ஆயுள் காப்புறுதி முகவர்களைப் பற்றியது. நேரடி விற்பனைக்கு மிக நெருங்கிய தொழில் அது. தோல்விக்கு நிலையான காரணங்களைத் தம்மிடமே தேடாத நம்பிக்கையாளர்கள், மற்றவர்களைப் போல இரண்டு மடங்கு விகிதத்தில் வேலையில் நிலைத்தார்கள், கூடுதலாகவும் விற்றார்கள். இதில் ஒரு முரண் இருக்கிறது. ‘தோல்விக்கு நீயே காரணம்’ என்று சொல்லும் கடுமையான ஊக்க உரை, எந்த மனநிலை விற்பனையாளரைத் தாங்குகிறது என்று இந்த ஆய்வு கண்டதோ அதற்கு எதிர்த்திசையில் அவரைத் தள்ளுகிறது.

இதற்கு முன்பே டேவிட் மெக்கிளெலண்ட் இந்தியாவில் ஒரு சோதனை நடத்தியிருந்தார். 1960-களின் நடுவில் ஆந்திரத்தின் காக்கிநாடா வணிகர்களுக்குச் சாதனை வேட்கையை வளர்க்கும் குறுகிய காலப் பயிற்சி தரப்பட்டது. பயிற்சி பெற்றவர்கள் பிறரைவிடச் சுறுசுறுப்பாக முதலீடு செய்தனர் என்பது 1969-இல் வெளியான அறிக்கையின் முடிவு. ஆனால், தொழிலில் தாமே முடிவெடுக்கும் நிலையில் இருந்தவர்களிடம்தான் மாற்றம் தெளிவாகத் தெரிந்தது. ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டில் 1,500 சிறுதொழில் முனைவோரிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்வும் அதே பாதையில் போகிறது. கணக்குப் பதிவும் சந்தைப்படுத்தலும் கற்றவர்களைவிட, தாமே முன்னின்று செயல்படும் மனப்பழக்கத்தில் பயிற்சி பெற்றவர்களின் லாபம் ஏறியது. பயிற்சியே பெறாதவர்களோடு ஒப்பிட்டால் ஏற்றம் சுமார் 30 விழுக்காடு. மனநிலைத் தரப்புக்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. ஆனாலும் டோகோவில் பயிற்சி பெற்றவர்களிடம் சொந்தத் தொழில் இருந்தது. எதை விற்பது, என்ன விலைக்கு விற்பது, எங்கே வாங்குவது என்பதை அவர்களே தீர்மானித்தார்கள். எம்.எல்.எம். மெம்பர் பொருளையோ விலையையோ போனஸ் திட்டத்தையோ தீர்மானிப்பதில்லை. அவர் கையில் இருப்பவை உழைப்பும் உறவுகளும்தான்.

கனவு காண்பதே பலன் தரும் என்ற கூற்றுக்கோ ஆதரவு மெலிவு. வெற்றியை மட்டும் இனிக்க இனிக்கக் கற்பனை செய்பவர்களின் முயற்சி தளர்வதை கேப்ரியேல் ஓட்டிங்கனின் ஆய்வுகள் காட்டுகின்றன. வழியில் நிற்கும் தடையையும் சேர்த்து நினைப்பவர்களே நன்றாகச் செயல்பட்டனர். மேடையில் காரும் பங்களாவும் படமாக ஓடும்போது தடைகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கேட்பதில்லை.

தமிழ்நாட்டிலிருந்து வந்த இன்னொரு சான்று கேள்வியையே புரட்டிப் போடுகிறது. கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்த ஆய்வு 2013-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. அதே விவசாயி, கையில் காசில்லாத மாதங்களில் சிந்தனைச் சோதனைகளில் பின்தங்கினார். பணம் வந்தபின் தேறினார். இதன் அளவுகள் பற்றி விவாதம் தொடர்கிறது. ஆனால் பற்றாக்குறை மனத்தைச் சுருக்குகிறது என்பது ஓரளவுக்காவது உண்மையானால், மனத்தை மாற்றினால் வருமானம் வரும் என்ற வரிசையைத் திருப்பியும் வாசிக்க வேண்டும்.

‘தோட்ட மனப்பான்மை’ என்ற தீர்ப்பு

பேராக்கில் இந்த விவாதத்துக்கு உள்ளூர் நிறம் ஒன்று உண்டு. தோட்டத்தில் வளர்ந்தவன் அடுத்தவன் கையை எதிர்பார்ப்பான், துணிய மாட்டான், சேமிக்க மாட்டான் என்ற பேச்சு மலேசியத் தமிழரிடையே வெகுகாலமாக இருக்கிறது. இதை வெளியாரைவிடத் தமிழர்களே அதிகம் சொல்வார்கள். ஊக்கப் பேச்சாளருக்கு இது தயார் நிலையில் கிடைத்த மூலப்பொருள்.

இந்தத் தீர்ப்பு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். வீடு, தண்ணீர், பிள்ளைக்கொட்டகை, பள்ளி, கோவில், கள்ளுக்கடை எல்லாம் தோட்டத்துக்குள். வேலை போனால் லயத்து வீடும் போகும். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போக வேண்டும். வெட்ட வேண்டிய மரங்களின் நிரையைக் கொடுப்பவர் ஒருவர், ரப்பர் பாலை நிறுப்பவர் ஒருவர், செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் பதிபவர் இன்னொருவர். இப்படிப்பட்ட ஏற்பாட்டில் சொந்தமாக முடிவெடுக்கும் பழக்கத்துக்கு இடமும் குறைவு, பலனும் குறைவு. தமிழ்த் தொழிலாளர் ‘பணிவானவர்’ என்பதாலேயே தோட்ட முதலாளிகள் அவர்களை விரும்பினர் என்பதும், குடிகளின் குணம் பற்றிய இத்தகைய சித்திரங்களைக் காலனிய ஆட்சி தன் வசதிக்கேற்ப வளர்த்தது என்பதும் சமூகவியலாளர் சைட் ஹுசேன் அலதாஸின் 1977 நூலுக்குப் பிறகு நன்கு அறியப்பட்டவை. மலாய்க்காரரைப் பற்றியும் இதே போன்ற பேச்சு இருந்தது. மலாய்க்காரர் கட்சியான அம்னோவின் இளைஞர் பிரிவு ‘ரெவொலுசி மெந்தால்’ (மனப் புரட்சி) என்ற நூலை 1971-இல் வெளியிட்டதை நினைத்தால், வறுமைக்கு மனத்தைக் காரணம் காட்டும் பழக்கம் ஒரே இனத்துக்கு உரியதல்ல என்பது புலப்படும்.

தோட்ட மனப்பான்மை என்ற தீர்ப்புக்கு எதிரான சான்றுகள் பேராக்கிலேயே கிடைக்கின்றன. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன், தோட்டத் துண்டாடலுக்கு எதிராக 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் சிறு சிறு தொகையாகப் பங்கு திரட்டப்பட்டது. அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. நாள் கூலியில் வாழ்ந்தவர்கள் வயிற்றைக் கட்டிப் பங்கு வாங்கியது துணியாத மனத்தின் செயல் அல்ல. 1954-இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்கும் இது பொருந்தும். நேரடி விற்பனைக்கே சான்று வேண்டுமானால் ஈப்போவின் புந்தோங்கைச் சொல்லலாம். எட்டயபுரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் எனச் சொல்லப்படும் குடும்பங்கள் அங்கே கச்சாங் பூத்தே என்ற கடலைத் தின்பண்டம் செய்து, தட்டில் சுமந்து ஊர் ஊராக விற்று, ஒரு குடியிருப்புக்கே அந்தப் பெயரை வாங்கித் தந்தார்கள். எந்த ஊக்கக் கூட்டமும் அவர்களுக்கு நடத்தப்படவில்லை.

அதே சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினராயிருந்த சாமிவேலுவின் தலைமையில் 1982-இல் வந்த மைக்கா ஹோல்டிங்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம் வேறொரு பாடம். சமூகத்தின் பொருளாதார எழுச்சி என்ற முழக்கத்தோடு சுமார் 66 ஆயிரம் பேரிடம் 10 கோடி ரிங்கிட்டுக்கும் மேல் திரண்டது. நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கியவர்கள் உண்டு. 2010-இல் ஒரு ரிங்கிட் பங்கு 80 சென்னுக்கு வாங்கப்பட்டு அந்தக் கதை முடிந்தது. கூட்டுறவுச் சங்கத்திலும் மைக்காவிலும் பணம் போட்டவர்கள் ஏறக்குறைய ஒரே வகை மக்கள், ஒரே வகை நம்பிக்கை. முடிவுகள் வேறானதற்குக் காரணத்தை அவர்கள் மனத்தில் தேடுவதைவிட நிர்வாகத்தில் தேடுவதே பொருத்தம்.

கணக்குத் தரப்பு

விமர்சகர்களின் முதன்மையான வாதம் எண் கணிதம். ஒவ்வொருவரும் ஆறு பேரைச் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் எட்டாவது அடுக்கு முடியும்போது மொத்தம் 20,15,538 பேர். மலேசிய இந்தியர்களின் மொத்தத் தொகை ஏறத்தாழ அவ்வளவுதான். நடைமுறையில் எந்த வலையமைப்பும் இப்படி நிரம்புவதில்லை என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டுவது மலிவான வாதம். அதனுள் இருக்கும் இன்னொரு உண்மை முக்கியமானது: அந்த மொத்தத்தில் 16,79,616 பேர், அதாவது சுமார் 83 விழுக்காட்டினர், கடைசி அடுக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கீழே யாரும் இல்லை. எல்லாரும் ஒரே அளவு தன்னம்பிக்கையோடு ஒரே அளவு உழைத்தாலும் இந்த விகிதம் மாறாது. யார் அந்த 83-இல் விழுவார் என்பதை மனநிலை ஓரளவு தீர்மானிக்கலாம்; 83 என்ற எண்ணைத் தீர்மானிப்பது அமைப்பு.

வருமானத் தரவுகளும் இதை ஒட்டியே பேசுகின்றன. அமெரிக்காவின் வணிகக் கண்காணிப்பு அமைப்பான எஃப்.டி.சி.யின் அலுவலர்கள் 70 நிறுவனங்களின் வருமான அறிக்கைகளை ஆராய்ந்து 2024-இல் வெளியிட்டதன்படி, பெரும்பாலான பங்கேற்பாளர்கள் ஆண்டுக்கு 1,000 டாலர் அல்லது அதற்கும் குறைவாகவே பெற்றனர். செலவு கழிக்காத தொகை அது. அதே நாட்டில் மூத்தோர் அமைப்பான ஏ.ஏ.ஆர்.பி.யின் அறக்கட்டளை 2018-இல் கண்டது: 47 விழுக்காட்டினருக்கு நட்டம், 27 விழுக்காட்டினருக்குப் போட்டதும் வந்ததும் சரி, 25 விழுக்காட்டினருக்கு லாபம்.

நிறுவனங்களின் மறுமொழியில் நியாயம் உண்டு. மெம்பராகச் சேரும் பலர் சோப்பையும் சத்துமாவையும் தள்ளுபடியில் வாங்கவே சேர்கிறார்கள். அவர்களையும் விற்பனையாளர் கணக்கில் வைத்துச் சராசரி எடுப்பது சரியல்ல என்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் ஏவன் விற்ற பெண்களைப் பற்றி லிண்டா ஸ்காட் குழுவினர் நடத்திய ஆய்வும் அவர்களுக்கு ஆதரவு. வேறு வேலை அரிதான இடத்தில் அந்த வருமானம் பலருக்கு உண்மையிலேயே கைகொடுத்தது. ஆனால் அந்தப் பெண்கள் பொருளை விற்றே சம்பாதித்தார்கள். விற்றுச் சம்பாதிப்பதும் ஆள் சேர்த்துச் சம்பாதிப்பதும் வேறு. ஊக்க உரை இரண்டையும் ஒரே மூச்சில் பேசுவதுதான் சிக்கல்.

உறவு செலவாகும் விதம்

கணக்குத் தரப்பும் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறது: தொழிலின் உண்மையான முதலீடு உறவுதான். இது தோட்டத் தமிழருக்குப் புதிதல்ல. தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணி தன் ஊருக்குப் போய்ச் சொந்தபந்தங்களைக் கூட்டி வந்தார். கொண்டுவந்த ஆளுக்குப் பணம், பிறகு அந்த ஆள் வேலைக்கு வரும் நாளுக்கெல்லாம் தலைக்காசு என்ற முறை 1938-இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதைத் தடை செய்யும்வரை நீடித்தது. இதை இன்றைய அப்லைனோடு, அதாவது ஆளைச் சேர்த்துவிட்ட மேல் அடுக்கு மெம்பரோடு, நேராக ஒப்பிடுவது மிகை. அங்கே கடனும் கட்டாயமும் இருந்தன, இங்கே விலகிக்கொள்ளலாம். ஆனால் அறிந்தவர் சொல்லுக்கு இருக்கும் மதிப்பைத் தலைக்கு இவ்வளவு என்று காசாக்குவது இரண்டிலும் பொதுவானது.

தோட்டம் மூடியபின் மக்கள் மலிவுவிலை வீடுகளுக்கும் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும் கூட்டமாகவே நகர்ந்தார்கள். உறவு நெருக்கம் அப்படியே இருந்தது. அந்த வட்டத்துக்குள் புழங்கிய பணமும் அதே சிறு அளவில் இருந்தது. புதிய வாய்ப்புகள் நெருங்கியவர்களைவிட ஓரளவே தெரிந்தவர்கள் வழியாகத்தான் அதிகம் வருகின்றன என்று மார்க் கிரானோவெட்டர் 1973-இல் எழுதினார். ஆசிரியருக்கும் அரசு ஊழியருக்கும் அப்படிப்பட்ட தொடர்புகள் நிறைய. பால்மரம் வெட்டியவரின் மகளுக்கு அண்டைவீட்டு அக்காவும் கோவில் கமிட்டியும் தையல் வகுப்புத் தோழிகளும்தான். ‘முதலில் நூறு பேர் பெயரை எழுது’ என்ற பயிற்சியை இருவரும் ஒரே உற்சாகத்தோடு செய்யலாம். இரண்டு பட்டியலிலும் உள்ள வாங்கும் சக்தி ஒன்றல்ல. பட்டியல் தீர்ந்தபின் அவள் ஸ்டாக்கைத் தானே வாங்கி, போனஸுக்கான பாயிண்டைக் காப்பாற்றுகிறாள். அவளிடம் வாங்க மறுத்த சொந்தக்காரி அடுத்த கல்யாணத்தில் முகம் கொடுப்பதில்லை. வருமான அறிக்கை எதிலும் இந்த நட்டம் ஏறாது.

அதே உறவு வட்டம் சேமிப்புக்கும் பயன்பட்டிருக்கிறது. பெண்கள் நடத்திய கூட்டு என்ற சீட்டு பல வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிச் செலவைத் தாங்கியது. கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது, பழக்கம் மறையவில்லை.

சட்டம் வரைந்த கோடு

மலேசியாவின் நேரடி விற்பனைச் சட்டம் 1993-இல் வந்தது. உரிமம் கட்டாயமானது. பின்னர் செய்த திருத்தத்தால் பிரமிட் திட்ட எதிர்ப்பு அதன் பெயரிலேயே சேர்ந்தது. பொருளை விற்று வரும் வருமானத்தையும் ஆளைச் சேர்த்து வரும் வருமானத்தையும் சட்டம் பிரித்துப் பார்க்கிறது. அமெரிக்காவில் ஆம்வே வழக்கின் 1979 தீர்ப்பும் இதே கோட்டை ஒட்டியது. சட்டத்துக்கு முந்தைய பேராக் அனுபவத்தையும் மறக்கக் கூடாது. 1980-களின் இறுதியில் மாநிலத்தின் வடபகுதியில் பரவிய ‘பாக் மான் தெலோ’ என்ற வைப்புத்தொகைத் திட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் பணத்தைக் கொடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மலாய்க் கிராமத்தினர். ஏமாறுவது தோட்டத் தமிழனின் தனிக்குணம் என்று நினைப்போர் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சட்டம் பிரமிட்டைத் தடுக்கிறது. உரிமம் பெற்ற நிறுவனத்தில் சேர்பவருக்குச் சராசரி மெம்பரின் நிகர வருமானம் இவ்வளவு என்று சொல்லும் வேலை மேடையிலிருக்கும் பேச்சாளரிடமே விடப்பட்டிருக்கிறது.

தீராத கேள்விகள்

இதுவரை பார்த்தவற்றிலிருந்து நிதானமாக இவ்வளவு சொல்லலாம். மறுப்பைத் தாங்கும் திறனும் தானாக முன்வரும் பழக்கமும் விற்பனையில் ஒருவரை நிலைக்கச் செய்கின்றன. அவை பயிற்சியால் வளரவும் கூடும். ஆனால் அவை பலன் தருவது முடிவெடுக்கும் அதிகாரமும் வாங்கும் சக்தியுள்ள சந்தையும் இருக்கும் இடத்தில். மனநிலைத் தரப்பு ‘யார் தாக்குப்பிடிப்பார்’ என்ற கேள்விக்கு ஓரளவு சரியான பதில் வைத்திருக்கிறது. ‘பங்கிட எவ்வளவு இருக்கிறது’ என்ற கேள்விக்கு அது பதிலே அல்ல. தோட்டப்புறத்தில் முதல் கேள்வியின் பதில் இரண்டாவதற்கும் போதும் என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்திருக்கிறது.

தீர்க்கப்படாதவை இரண்டு மூன்று உண்டு. வென்றவர்களின் நம்பிக்கை வெற்றிக்குக் காரணமா, முதல் சில மாதங்களில் கிடைத்த விற்பனை அந்த நம்பிக்கையை வளர்த்ததா? ஒருவரையே பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தாலன்றி இதைப் பிரித்தறிய முடியாது. விட்டுப்போனவர்களின் கணக்கும் வேண்டும். மேடையில் நிற்பவர்களை மட்டும் கேட்டு எழுதிய வெற்றிக் கதைகள் இந்த இடத்தில் உதவா. கைப்பேசி வழி விற்பனை அண்டைவீட்டு வட்டத்தை உடைத்து அந்நிய வாடிக்கையாளரைக் கொண்டுவருகிறதா, அதே சொந்தங்களை இன்னும் அடிக்கடி தொந்தரவு செய்ய வழிவகுக்கிறதா என்பதும் திறந்தே கிடக்கிறது.

மூன்றாவது கேள்வி எளிதில் அளக்க முடியாதது. நாலு பேர் முன் நின்று பேசக் கூசிய தோட்டத்துப் பெண்கள் பலர் இந்தக் கூட்டங்களில்தான் முதன்முறையாக மைக்கைப் பிடித்தார்கள். கணக்கு எழுதவும் தனியாக ஈப்போவுக்குப் பஸ் ஏறவும் பழகினார்கள். எம்.எல்.எம்.மை விட்டபின் அவர்களில் சிலர் பலகாரக் கடையோ தையற்கடையோ நடத்தப் போயிருந்தால், அந்தக் கடையின் வருமானத்தை எந்தத் தரப்பின் கணக்கில் எழுதுவது?